தையல் சொல்

தையல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஊசியும் நூலுங்கொண்டு துணியை இணைக்கும் தொழிலும் தையல், பெண்ணும் தையல். பெண்ணின் அழகைக் கண்டு நம் முன்னோர் அப்பெயரை இட்டனரோ, அவள் கைத்தொழிலைக் கண்டு இட்டனரோ, அதனை மொழிநூலார் ஆராய்க. எமக்குத் தெரிந்தது ஒன்றே. அச்சொல்லைப் பெண்ணுக்குப் பெயராகச் சூட்டிய அதே நாடுதான், அவள் பேச்சைச் செவியிற் கொள்ள வேண்டா என்று அரிச்சுவடி படிக்கும் சிறுவர்க்கும் பாடஞ் சொல்லி வைத்தது. அப்பாடம் பிழையானதென்று இளமை முதல் யாம் வாதாடி வந்தோம். ஆயினும் எம் வீட்டில், எம் கையாலேயே, அப்பாடத்தை ஒருமுறை நிறைவேற்றிவிட்டோம். அதனைச் சொல்லவே இக்கட்டுரை எழுதப் புகுந்தோம். அதற்குமுன் எம் தொழிலைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும்.

யாம் ஒட்டுப்போர்வை தைத்து வருகிறோம். ஆங்கிலம் பேசுவோர் இதனைக் 'குவில்ட்' என்பர். பலவகைத் துணிகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் நறுக்கி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து மேல்துணி ஆக்குவது முதற்படி. அதன் அடியிற் பஞ்சுப் பரப்பொன்றும், அதற்கும் அடியில் வேறொரு துணியும் விரித்து, மூன்றையும் ஊடுருவி ஓட்டுத் தையல் போட்டுப் பிணைப்பது இரண்டாம் படி. நான்கு ஓரங்களையும் பட்டை மடித்துத் தைத்து மூடுவது மூன்றாம் படி. சொல்வதற்கு மூன்று வரி. செய்வதற்கு மூன்று மாதம்.

பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவிற் கிடக்கும் சிங்கப்பூரில், வியர்வையைத் துடைக்கவே துணி போதாத ஊரில், போர்வைக்கு என்ன தேவை என்று அன்பர்கள் வினவலாம். எம் உறவினரும் வினவினர். பஞ்சை நீக்கிவிட்டு இரண்டு துணி மட்டும் சேர்த்துத் தைத்தால் இவ்வூர் இரவுக்கு அது பொருந்தும். குளிர்சாதனம் வந்த பிறகு பஞ்சு வைத்ததும் பொருந்துகிறது. முதியோர்க்கு மழைநாளில் கால் சில்லிடும். எனினும் உண்மையை மறைப்பானேன்? தேவை கருதி யாம் இத்தொழிலிற் புகுந்தோமல்லோம். வீணென்று எறியப்பட்ட துண்டு, தனக்குப் பொருந்திய வேறொரு துண்டின் அருகே வைக்கப்பட்டவுடன் மதிப்புப் பெறுவதைக் காண்பதில் எமக்கொரு மகிழ்ச்சி.

அம்மகிழ்ச்சிக்கு எம் வீட்டார் கொடுத்த விலை சிறிதன்று. அடுப்பில் அரிசியை வைத்துவிட்டு, 'இந்த ஒரு வரிசை முடியட்டும்' என்று உட்காருவோம். வரிசை முடிவதற்குள் சோறு கருகிவிடும். ஊசிகளை எண்ணிப் பெட்டியில் வைப்பது எம் வழக்கம். ஒருநாள் இரவு பன்னிரண்டில் ஒன்று குறைந்தது. வீடெல்லாம் பெருக்கித் தேடியும் அகப்படவில்லை. மறுநாட் காலை எம் வாழ்க்கைத் துணைவர் செய்தித்தாளுடன் நாற்காலியில் அமர்ந்தார், அமர்ந்த வேகத்திலேயே எழுந்தார், ஊசி அகப்பட்டது.

பிறிதொரு முறை, மதுரைச் சுங்கடித் துணியொன்றை, சிவப்பின் அழகிலே மயங்கி, சாயம் நிற்குமா என்று பாராமலே தைத்துவிட்டோம். முதற்சலவையில் வெள்ளைச் சதுரங்களெல்லாம் சிவந்தன. அத்துடன் நிற்கவில்லை; அதே சலவையிற் போடப்பட்ட துணைவரின் வெள்ளைச் சட்டைகள் ஐந்தும் இளஞ்சிவப்பாயின. அவர் அந்த வாரம் முழுவதும் அவற்றையே அணிந்து அலுவலகஞ் சென்று, கேட்டோர்க்கெல்லாம், "வீட்டிற் கலை வளர்ச்சி நடைபெறுகிறது" என்று விடை கூறிவந்தார். அன்று முதல் எத்துணியாயினும் முதலில் நீரில் நனைத்து, அதன்மேல் வெள்ளைத் துண்டொன்றை அழுத்திப் பார்த்து, கறை ஒட்டவில்லையென்று கண்ட பின்னரே கத்தியை எடுக்கிறோம்.

கத்தி என்றது வட்டவடிவான உருட்டுக் கத்தியை. 1979-இல் ஜப்பானிய நிறுவனமாகிய ஓல்ஃபா இதனை வெளியிட்டது. ஆறு மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் அறுக்கும். துணியை மட்டுமா அறுக்கும்? கீழே அட்டை வைக்க மறந்த ஒருநாள், மேசைவிரிப்பையும் சேர்த்துச் சரிசமமாக நறுக்கித் தந்தது. அறுத்தலிலும் பெரிது அளவு. ஒவ்வொரு தையலுக்கும் கால் அங்குலத் துணியை ஓரத்தில் விடுதல் வேண்டும். ஓர் அங்குலத்திற் பதினாறில் ஒரு பங்கு பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. தையல்கள் பல சேரச்சேர அப்பிசகு ஓர் அங்குலமாகிவிடும், போர்வை கோணிக்கொள்ளும். பிசகு நேர்ந்த இடம் எதுவென்று தேடினால் அகப்படாது. அது எல்லாவிடத்தும் சிறிது சிறிதாக இருக்கும்.

இனி, எம்மைப் பலர் சிரிக்கக் கண்ட நிகழ்ச்சி ஒன்று. எம் கைலியின் ஓரத்தையும் போர்வையோடு சேர்த்துத் தைத்துவிட்டதை அறியாமல், வாயில் மணி ஒலிக்க எழுந்து, போர்வை முழுவதையும் வால்போல் இழுத்துக்கொண்டு சென்று கதவைத் திறந்தோம். நின்றவர் அண்டை வீட்டுச் சீன மூதாட்டியார். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு உள்ளே வந்து, ஓர் இழை ஓர் இழையாக அத்தையலைப் பிரிக்க எமக்கு உதவியும் செய்தார். பிரித்துக்கொண்டே, தம் தாயார் காலத்திற் குழந்தை பிறந்தால் அக்கம் பக்கத்து வீடுகளில் ஆளுக்கொரு துண்டுத் துணி கேட்டு வாங்கி, 'நூறு வீட்டுப் போர்வை' தைப்பார்கள் என்று சொன்னார். நூறு வீட்டாரின் வாழ்த்தும் அக்குழந்தையைச் சூழ்ந்திருக்கும் என்பது அவர்கள் கருத்து. மறுநாள் தம் பழைய மேற்சட்டையொன்றின் கைப்பகுதியைக் கத்தரித்து எடுத்துவந்து எம்மிடம் கொடுத்தார். சாதியும் மதமும் மொழியும் கேளாமல் துண்டு கேட்கும் வழக்கம் அது. அவ்வழக்கத்தை எமக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லையே என்று ஏங்கினோம்.

அன்று முதல், பழந்துணி எங்கெங்கு எவ்வாறு மதிக்கப்பட்டது என்று கேட்டறிவதில் எமக்கு ஆவல் பிறந்தது. வங்காள நாட்டுப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலையின் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத் தையலாற் பூவும் மீனும் மரமும் எழுதுவர். அதன் பெயர் காந்தா. நாம் 'கந்தை' என்று இழித்துரைக்கும் சொல்லும் அதற்கு உறவே. அவர்கள் நாட்டில் அச்சொல் கலைக்குப் பெயராயிற்று. நம் நாட்டில் வறுமைக்குப் பெயராயிற்று. எழுதப் படிக்க அறியாத பெண்கள் பலர் தம் வாழ்க்கையை அத்துணியிலே எழுதி வைத்துச் சென்றனர்.

தொலைவிற் செல்லவும் வேண்டா, இத்தீவிலேயே சான்றுண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதம் ஐரோப்பியப் பெண்களையும் சிறுவர்களையும் நடத்திச் சென்று சாங்கிச் சிறையில் அடைத்தனர். குடிமக்களாகிய ஆடவர் அச்சிறையின் வேறொரு பகுதியில் இருந்தனர். போர்வீரர் அருகிலிருந்த படைமுகாமில் இருந்தனர். கணவன் உயிரோடிருக்கிறானா என்று மனைவி அறியாள்; மனைவி எங்கே என்று கணவன் அறியான். கடிதத்திற்கு வழியில்லை. அந்நிலையிற் கனடா நாட்டுப் பெண்மணி எதேல் மல்வானி என்பார் போர்வை தைக்கும் முயற்சியைத் தொடங்கினார். ஒவ்வொருத்திக்கும் ஒரு சதுரத் துணி. அதில் அவள் தன் பெயரையும் தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றையும் ஊசியால் எழுதவேண்டும். 66 சதுரங்கள் சேர்ந்தது ஒரு போர்வை. அவ்வாறு மூன்று போர்வைகள் எழுந்தன. மூன்றில் ஒன்று காயமுற்ற ஜப்பானிய வீரர்க்கென்று குறிக்கப்பெற்றது. மற்ற இரண்டையும் மருத்துவமனைக்கு அனுப்ப அதிகாரிகள் இசைவதற்கு அஃது ஒரு வழி.

போர்வை நோயாளியின் கட்டிலை அடைந்தது. நோயாளி அதன்மேல் ஒரு பெயரைக் கண்டான். 'இன்னாள் உயிரோடிருக்கிறாள்' என்பதைத் தவிர அப்பெயர் வேறென்ன சொல்லும்? அதனினும் மேலான செய்தி அவனுக்கு வேறென்ன வேண்டும்? அவற்றுள் இரண்டு போர்வைகள் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திற்கும், ஒன்று இலண்டனிலுள்ள பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்திற்கும் சென்று சேர்ந்தன. அதே சிறையிலிருந்த சிறுமியர் சுமார் இருபதின்மர், தம் சாரணியர் தலைவிக்குப் பிறந்தநாட் பரிசாக, கந்தல்களை அறுகோணமாக நறுக்கி, மறைவில் ஒரு போர்வை தைத்தனர். அஃது இலண்டன் பேரரசுப் போர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

இப்போர்வைகளின் படங்களை யாம் 2012-இற் கண்டோம். நிகழ்ந்து எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு சதுரமாகப் பார்த்தோம். இவள் ஏன் பூவைத் தைத்தாள், இவள் ஏன் தன் பெயரை மட்டும் தைத்து நிறுத்தினாள் என்று பல இரவுகள் எண்ணிப் பார்த்தோம். பெண்கள் வாய்விட்டுச் சொல்லாததைத் துணியிற் படிக்கும் திறன் எமக்கு வந்துவிட்டதென்று சிறிது செருக்கும் கொண்டோம். அதே ஆண்டில்தான் எம் தாயாரின் சேலையை வெட்டினோம்.

எம் தாயார் ஜொகூர் ரப்பர்த் தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவர். விடியுமுன் பால்மரம் சீவச் சென்றவர். பள்ளிக்குச் சென்றவரல்லர். யாம் அத்தோட்டத்து ஆயாக்கொட்டகையில், அவருடைய பழஞ்சேலையாற் கட்டிய ஏணையிற் கிடந்து வளர்ந்தோம். 1963-இல் எந்தையார் துறைமுகத்திற் சுமைவேலைக்காகச் சிங்கப்பூருக்கு வந்தார், யாங்களும் வந்தோம். தாயார் அண்டை வீடுகளுக்குத் துணி தைத்துக் கொடுத்துக் குடும்பத்துக்கு உதவினார். அதற்காகத் தவணைமுறையில் வாங்கிய சிங்கர் மிதி இயந்திரந்தான் இன்றும் எம் கையிலிருப்பது. ஊசியின் முனையிலேயே கண் வைத்து, மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளத் தைக்கும் இயந்திரத்துக்கு அமெரிக்கராகிய எலியாஸ் ஹௌ 1846-இற் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851-இல் தம் இயந்திரத்துக்குப் பெற்றார். ஆனால் எமக்கு அதனை ஓட்டக் கற்பித்தவர் கையெழுத்திடவும் அறியாத எம் தாயாரே. "மேல்நூலை இறுக்கினால் கீழ்நூல் மேலே வரும். இரண்டும் சமமாக இழுக்க வேண்டும்" என்பது அவர் சொல்லித் தந்த முதற்பாடம்.

எந்தையார் 2011-இல் மறைந்தார். உறவினர் கூடினர். தாயாரின் பிறந்த வீட்டார் வெள்ளைக் கோடி கொண்டுவந்தனர். யாம் அதனை விரும்பவில்லை, முணுமுணுத்தோம். கணவனை இழந்தவளுக்கு வண்ணத்தை மறுப்பது கொடுமையென்று மாதர் கூட்டங்களிற் பேசியவர்களல்லவா யாம்! ஆயினும் துக்க வீட்டில் வாதம் வேண்டாவென்று அடங்கினோம். துக்கம் தணிந்த பின்னராவது வாதத்தைத் தொடங்கினோமா? இல்லை. தாயார் வெள்ளையே உடுத்தார். யாங்கள் அதனைக் கண்டு கண்டு பழகிப்போனோம். கண் பழகிவிட்டால் கொடுமையும் வழக்கமாகிவிடுகிறது.

மறு ஆண்டு ஒருநாள் தாயார் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து எம் மேசைமேல் வைத்தார். உள்ளே அவருடைய வண்ணச் சேலைகள் ஒன்பது இருந்தன. "இனி எனக்கு எதற்கு? நீதான் துணி துணியென்று அலைகிறாய். எடுத்துக்கொள், கண்ணு" என்றார். எமக்கு உண்டான மகிழ்ச்சியை என்னென்போம்! பலமுறை துவைத்து மென்மையான பருத்தி. கடையிற் கிடைக்காத பழைய கரைகள். ஒவ்வொன்றாக விரித்தோம். தாயார் அருகில் நின்று ஒவ்வொன்றையும் பற்றி ஒரு சொற் சொன்னார். "இது வாயில், மெல்லியது." "இது சாயம் போனது." "இதன் முந்தானை கிழிந்திருக்கும், பார்." ஒன்பதாவதாகக் கிளிப்பச்சைச் சேலையொன்றை எடுத்தோம். அதன்மேல் அவர் கைவைத்தார். "இது நல்ல சேலை" என்றார்.

"ஆமம்மா, மிக நல்ல சேலை, ஓரச் சட்டத்துக்கு இதுதான் ஏற்றது" என்றோம்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

எட்டுச் சேலைகளிலிருந்து இருபத்துநான்கு சதுரம் வீதம் 192 சதுரங்கள் நறுக்கினோம். கிளிப்பச்சையைச் சதுரமாக்கவில்லை. ஓரச் சட்டம் ஒட்டில்லாமல் நீண்டு வரவேண்டுமாதலால், அச்சேலையை முழு நீளத்துக்கும் கிழித்தோம். நல்ல நெசவாகையால் ஓர் இழையும் பிசகாமல் நேராகக் கிழிந்தது; அவ்வோசையை மகிழ்ச்சியோடு கேட்டோம். எஞ்சியது தலையணை உறையாயிற்று. மூன்று மாதத்திற் போர்வை முடிந்தது. கண்டவர்கள் பாராட்டினர். தாயாருக்கே அதனைப் போர்த்தினோம். "நன்றாகத் தைத்திருக்கிறாய்" என்றார். இரவுதோறும் அதனையே போர்த்துக்கொண்டு உறங்கினார்.

நிற்க. ஆறு ஆண்டுகள் கடந்தன. 2018-இல் எம் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அவள் எம்மைப்போல் மேடையிற் பேசுபவளல்லள். ஒருநாள் மாலை தன் பாட்டியின் கட்டிலில் அமர்ந்து, "பாட்டி, என் கலியாணத்துக்கு வெள்ளை கட்டக் கூடாது. என்ன நிறம் வேண்டும், சொல்லுங்கள், வாங்கி வருகிறேன்" என்றாள். அவ்வளவே. யாம் ஏழாண்டுகளாகக் கேட்க நினையாத கேள்வியை, காய்கறி என்ன வாங்கட்டும் என்பதுபோல அவள் கேட்டுவிட்டாள். மறுப்பார் என்றே எண்ணினோம். தாயார் மறுக்கவில்லை. சிறிது நேரம் எண்ணினார். மடிமேற் கிடந்த போர்வையின் ஓரத்தை விரலால் தடவினார்.

"கிளிப்பச்சை இருந்திருந்தால் அதையே கட்டியிருப்பேன்" என்றார்.

பிறகு, யாரிடமும் சொல்லாததொன்றைப் பேத்தியிடம் சொன்னார். அதுவரை அவர் உடுத்தவையெல்லாம் பிறர் வாங்கிவந்தவை. தாய்மாமன் வாங்கினான், மாமியார் வாங்கினார், கணவர் வாங்கினார். 1972-இல் எந்தையாருக்குப் போனஸ் பணம் வந்தது. அவர் தாயாரைச் சிராங்கூன் சாலைக்கு அழைத்துச் சென்று, கடைக்குள் நிறுத்தி, "உனக்குப் பிடித்ததை நீயே காட்டு" என்றாராம். தாயார் கூசி நின்று, பின்பு கைவைத்துக் காட்டியது அந்தக் கிளிப்பச்சையை. தாமே தேர்ந்து வாங்கிய முதற்சேலை. திருநாளில் மட்டும் உடுத்துவார்; அதனாலேயே அது கிழியாதிருந்தது.

யாம் சமையலறை வாயிலில் நின்று இதனைக் கேட்டோம். கால் ஓடவில்லை. அருகிற் சென்று, "அன்று ஏனம்மா சொல்லவில்லை?" என்றோம்.

தாயார் எம்மை ஏறிட்டுப் பார்த்தார். பார்வையிற் சினமில்லை, வியப்பே இருந்தது. "சொன்னேனே, நல்ல சேலை என்று" என்றார். அன்று அவர் கைவைத்தது எமக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது.

அன்பர்களே, அவர் சொன்னது உண்மை. அவர் சொன்னார், யாம் கேட்கவில்லை. உடைமைக்காரர் சொன்ன சொல்லைத் தையற்காரர் காதாற் கேட்டோம். 'நல்ல சேலை' என்றது அவருக்கு 'இஃது என்னிடம் இருக்கட்டும்' என்று பொருள். எமக்கு 'ஓரத்துக்கு ஏற்ற துணி' என்று பொருள். வாழ்நாள் முழுவதும் பிறர் கொடுத்ததை உடுத்து, பிறர் வகுத்ததைச் செய்து வந்த ஒருவர், ஒன்றைத் தமக்கென்று கேட்பதற்கு அதனினும் உரத்த சொல்லை எங்கே கற்றிருப்பார்? சாங்கிச் சிறையிலே எழுபது ஆண்டுகளுக்குமுன் பெண்கள் தைத்ததைப் படிக்கத் தெரிந்த எமக்கு, மூன்றடி தொலைவில் நின்ற தாய் சொன்னது விளங்கவில்லை. கூட்டங்களிற் பேசினோம், வீட்டிற் கேட்கவில்லை. கைம்பெண்ணுக்கு வண்ணம் வேண்டும் என்று ஊராரிடம் வாதாடியவர்களே, கைம்பெண்ணின் வண்ணச் சேலையை மகிழ்ச்சியோடு கிழித்தோம். அவளுக்கு அது தேவைப்படாது என்று ஊரார் நினைத்ததையே, சொல்லாமல், யாமும் நினைத்திருந்தோம். 'பதறாத காரியம் சிதறாது' என்பர். எம்மிடம் பதற்றம் இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். மிக நிதானமாகவே அளந்து கிழித்தோம். பிசகு அளவில் இல்லை; அளப்பதற்கு முன்னரே இருந்தது.

போர்வையைப் பிரித்து மீண்டும் சேலையாக்கித் தருகிறோம் என்று பித்துப் பிடித்தவர்போற் சொன்னோம். தாயார் சிரித்தார். "தைத்ததைப் பிரித்தால் துளை தெரியும்" என்றார். மறுநாள் மூன்று தலைமுறையினரும் சிராங்கூன் சாலைக்குச் சென்றோம். அவர் முன்பு வாங்கிய கடை அங்கில்லை. நான்கு கடைகளில் அதே கிளிப்பச்சையைத் தேடினோம், அகப்படவில்லை. ஐந்தாவது கடையிற் பணியாளர் ஒன்றன்மேலொன்றாக விரித்துக்கொண்டே போனார். யாம் வாய்திறவாமல் நின்றோம். அதுவும் எளிதாக இருக்கவில்லை. இரண்டுமுறை, 'இது நன்றாயிருக்கும்' என்று சொல்ல வாயெடுத்தோம். எம் மகள் எம் கையைப் பிடித்து அடக்கினாள். கடைசியில் தாயார் மயிற்கழுத்து நிறச் சேலையொன்றின்மேற் கைவைத்தார். அதனையே வாங்கினோம்.

திருமண நாளன்று மண்டபத்தின் மூலையிற் சிலர் முணுமுணுத்தது உண்மை. மயிற்கழுத்துச் சேலையுடன் தாயார் முன்வரிசையில் அமர்ந்தார். மணமக்களுக்கு மாலை எடுத்துக் கொடுத்தவரும் அவரே. முணுமுணுத்தவர்களும் விருந்துண்டே சென்றனர்.

அதன்பின் எம் தொழிலில் ஒரு மாறுதல் நேர்ந்தது. பழந்துணி கொண்டுவந்து கொடுப்போரிடம், "இதனை வெட்டலாமா?" என்று கேட்பதோடு நிற்பதில்லை. "இது யாருடையது? எப்போது உடுத்தது? யார் வாங்கியது?" என்றும் கேட்கிறோம். கேட்கத் தொடங்கினால் மணிக்கணக்கிற் பேசுகிறார்கள். பேசி முடித்த பின்னர், சிலர் துணியை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எமக்குப் போர்வைக்குத் துணி குறைகிறது, குறையட்டும்.

எம் மகளுக்கு 2023-இற் குழந்தை பிறந்தது. தாயார் எண்பதைக் கடந்தவர். குழந்தை தரையிற் கிடந்து தவழ ஒரு விரிப்பு வேண்டுமென்று பேச்சு வந்தது. மறுநாட் காலை எம் மேசைமேல் மீண்டும் ஒரு மூட்டை இருந்தது. அவிழ்த்தோம். உள்ளே இருந்தவை நான்கும் வெள்ளைச் சேலைகள்.

"இவற்றை வெட்டு" என்றார் தாயார்.

"உண்மையாகவே வெட்டலாமா, அம்மா?" என்றோம்.

"வெட்டு."

"நான்கையுமா? ஒன்றை வைத்துக்கொள்ளலாமே?"

"அன்று கேட்காமல் வெட்டினாய், இன்று வெட்டாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். பிள்ளை தவழ்வதற்குள் தைத்து முடி, கண்ணு" என்றார்.

வெட்டினோம். நாள்தோறும் துவைத்து மெலிந்த வெள்ளைப் பருத்தி, விரிப்பின் அடித்துணிக்கு அதனினும் ஏற்றது வேறில்லை. மேல்துணிக்கு வீட்டார் ஒவ்வொருவரும் ஒரு துணி கொடுத்தனர். துணைவர் அந்த இளஞ்சிவப்புச் சட்டைகளில் ஒன்றைத் தேடியெடுத்துத் தந்தார். அண்டை வீட்டு மூதாட்டியார் கொடுத்த துண்டும் அதிற் சேர்ந்தது. எல்லாம் நறுக்கி முடிந்து பெட்டியைத் துழாவியபோது, அடியிற் கிளிப்பச்சைத் துண்டொன்று அகப்பட்டது. உள்ளங்கை அகலம் இருக்கும். அதனை எடுத்துக்கொண்டு தாயாரிடம் சென்றோம். சதுரங்கள் தரையிற் பரப்பிக் கிடந்தன. இஃது எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று கேட்டோம். அவர் குனிந்து, சிறிது நேரம் பார்த்து, கைவைத்துக் காட்டினார். அந்த இடத்திலே தைத்தோம்.